தன்னம்பிக்கை நூல்களும் அரியலூர்ப் பிள்ளைகளும்

பெரம்பலூரில் புத்தகத் திருவிழா நடைபெறும் நாட்களில் அங்கே ஒருமுறையேனும் சென்று வருவது நம் வழக்கம். லெப்பைக்குடிகாட்டிலிருந்தும் வி.களத்தூரிலிருந்தும் நம் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து நூல் வாங்கிச் செல்லும் காட்சி கண்ணுக்கு இனியது. ஆனால் எந்த அடுக்கின் முன் கூட்டம் மிகுதி என்று நோக்கினால், அது கதையடுக்கும் அன்று, கவிதையடுக்கும் அன்று. 'வெற்றி', 'உயர்வு', 'தன்னம்பிக்கை' என்னும் சொற்களை அட்டையில் தாங்கிய நூல்களே அங்கு மலைபோல் குவிந்து, மாலைக்குள் கரைந்தும் விடுகின்றன. "இதைப் படிச்சாவது உனக்குப் புத்தி வரட்டும்" என்று சொல்லி அத்தகைய நூலொன்றை மகன் கையில் திணித்த அத்தா ஒருவரைக் கண்டோம். அதனைப் பிரித்தும் பாராமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் நடந்த அந்த மகனையும் கண்டோம். அவனுடைய நடையை நினைத்துக்கொண்டே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

இவ்வகை நூல்களை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. தொண்டியில் 1922ஆம் ஆண்டு பிறந்த எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் அவர்கள் 'வாழ்வது ஒருமுறை', 'முன்னேறுவது எப்படி?', 'கவலைப்படாதே!' என வரிசையாக நூல்கள் எழுதி, தமிழில் இத்துறைக்கு ஒரு பாதை போட்டவர். இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்தளித்த அதே கரங்கள்தாம் இவற்றையும் எழுதின. பெரியோர் வாழ்விலிருந்து நிகழ்ச்சிகளை எடுத்து, தெளிந்த தமிழில் கோத்துத் தரும் அவருடைய முறை எத்தனையோ கடைப்பையன்களையும் கப்பலேறியவர்களையும் நிமிர்த்தியிருக்கின்றது. நம் வீட்டுப் பரணிலும் அந்நூல்கள் உண்டு. அவரைப் பின்பற்றி வந்தோர் பலர் அவருடைய உழைப்பை விட்டுவிட்டு ஏவல் வினையை மட்டும் எடுத்துக்கொண்டனர் என்பதே நம் குறை. நினை, எழு, வெல், அஞ்சாதே, கலங்காதே என ஏவல்களாகவே இன்றைய நூல்கள் நிரம்பிக் கிடக்கின்றன.

கவலை ஏவலுக்குக் கட்டுப்படுமா? மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்ற வைத்தியர் கதை நமக்குப் பாட்டிமார் சொல்லித் தெரிந்ததுதான். அதனையே 1987இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் சோதனைச் சாலையில் செய்து பார்த்தார். வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லி, நினைவு வரும்போதெல்லாம் மணியடிக்கச் செய்தார். மணி ஓயவில்லை. பிறகு, நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலிலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைவிட இவர்களுக்கே கரடி மிகுதியாக வந்தது. 'கலங்காதே' என்று அச்சிட்ட பக்கத்தைக் கலங்கியவன் படிக்கும்போது நிகழ்வதும் ஏறக்குறைய இதுவே.

இனிச் சொற்களைக் கவனிப்போம். திறனாய்வாளனுக்குச் சொல்தானே முதல் சான்று. நம் நாளேடுகளில் 'மன அழுத்தம்' என்ற ஒரே தொடர் மூன்று வேலைகளைச் செய்கின்றது. வெளியிலிருந்து வரும் நெருக்கடியும் மன அழுத்தம், அதனால் எழும் பதற்றமும் மன அழுத்தம், மாதக்கணக்கில் ஆளைச் சாய்த்துவிடும் மனச்சோர்வு நோயும் மன அழுத்தமே. முதலாவதற்குச் சூழலை மாற்ற வேண்டும்; இரண்டாவதற்குப் பழக்கமும் பயிற்சியும் வேண்டும்; மூன்றாவதற்கு மருத்துவர் வேண்டும். மூன்றுக்கும் ஒரே சொல் இருந்தால் மூன்றுக்கும் ஒரே அறிவுரைதான் கிடைக்கும். 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, உடல்நலத்தையும் ஆன்ம நலத்தையும் இணைத்து எழுதிய அரபு நூலில், காரணம் தெரிந்த துயரையும் காரணம் புலப்படாத துயரையும் வேறுபடுத்திக் காட்டி, இரண்டுக்கும் வெவ்வேறு வழி சொன்னார். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நம் எழுத்தாளர்கள் அந்த வேறுபாட்டுக்கு வந்துசேரவில்லை.

சொற்குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று என்பதையும் ஒப்புக்கொள்வோம். வியன்னாவில் பிறந்து கனடாவின் மான்ட்ரியலில் ஆய்வு செய்த ஹான்ஸ் செலியே 1936இல் 'நேச்சர்' இதழுக்கு ஒரு பக்கத்துக்குள் அடங்கும் கடிதம் எழுதினார். குளிர், காயம், நஞ்சு, மிகை உழைப்பு என எதனைக் கொண்டு எலியை வருத்தினாலும் அதன் உடல் ஒரே விதமாக விடையளிக்கின்றது என்பது அதன் சாரம். சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் பெருத்தன; தைமஸ் சுரப்பி சுருங்கியது; இரைப்பையில் புண் தோன்றியது. இந்நிலைக்கே அவர் பிற்காலத்தில் 'ஸ்ட்ரெஸ்' எனப் பெயரிட்டார். இரும்பின் மேல் வைக்கும் பாரத்துக்குப் பொறியாளர் கூறும் சொல் அது. பாரத்தால் இரும்பு வளைவதற்கு அவர்கள் 'ஸ்ட்ரெயின்' என்பர். தம் ஆங்கிலம் அன்று போதாமையால் இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டதாகச் செலியே முதுமையில் கூறினார். பாரம் எங்கே, வளைவு எங்கே என்னும் குழப்பம் அன்று தொடங்கியது. புகையிலைக் கம்பெனிகள் பிற்காலத்தில் அவருடைய ஆய்வுக்குப் பணம் தந்ததும் பதிவான செய்தி. நெஞ்சுநோய்க்குக் காரணம் சிகரெட் அன்று, மனிதனின் நெருக்கடியே என்று காட்ட அவர்களுக்கு இது வசதியாயிருந்தது. பழியை எங்கே இறக்கிவைப்பது என்பது இத்துறையில் தொடக்கம் முதலே பணமும் கலந்த கேள்வி.

இப்போது அரியலூருக்கு வருவோம். செந்துறைப் பக்கம் குழுமூரில், திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தந்தைக்கு மகளாகப் பிறந்த அனிதா, 2017இல் பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றார். பழைய முறையில் மருத்துவத்துக்கு அவருடைய தகுதி மதிப்பெண் 200க்கு 196.75. அவ்வாண்டு புதிதாகக் கட்டாயமான நீட் தேர்விலோ 720க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை சென்று வழக்கில் தம்மையும் இணைத்துக்கொண்டார். செப்டம்பர் முதல் நாள் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 2020 செப்டம்பரிலும் 2021 செப்டம்பரிலும் அதே மாவட்டத்தில், அதே தேர்வையொட்டி, மேலும் இரு வீடுகளில் அழுகுரல் எழுந்தது.

நீட் வேண்டுமா வேண்டாவா என்னும் வழக்கு இங்கே நம் பொருளன்று. ஒவ்வொரு மரணத்தின் பின்னும் மேடைகளிலும் தேநீர்க் கடைகளிலும் கேட்ட ஒரு தீர்ப்பே நம் பொருள்: "பிள்ளைக்குத் தன்னம்பிக்கை போதவில்லை." அரசுத் தேர்வில் 1176 எடுத்துவிட்டு, தில்லி வரை சென்று நீதி கேட்ட பெண்ணுக்குத் தன்னம்பிக்கை போதவில்லையாம்! அப்படியானால் அச்சொல்லுக்கு என்னதான் பொருள்?

அந்த ஆண்டில் அப்பிள்ளைகள் மேல் இறங்கிய பாரத்தை எண்ணிப் பாருங்கள். 2016இல் தமிழ்நாட்டுக்கு விலக்கு இருந்தது. 2017இல் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது, ஒப்புதல் வரவில்லை. தேர்வு மே மாதம் நடந்து முடிந்த பின்னும் எந்த மதிப்பெண்ணால் இடம் கிடைக்கும் என்பது எவர்க்கும் தெரியவில்லை. ஆகஸ்டு நடுவில், ஓராண்டு விலக்குக்கு மத்திய அரசு ஒத்துழைக்கும் என்ற செய்தி வந்தது. 22ஆம் நாள் நீட் தரவரிசைப்படியே சேர்க்கை நடத்த உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு வேறு வகை. தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் பலருக்குத் தேர்வு மையம் எர்ணாகுளத்திலும், சிலருக்கு இராசஸ்தானம் வரையிலும் போடப்பட்டது. தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு எழுந்தது. இவற்றில் ஒன்றேனும் பிள்ளையின் மனத்துக்குள் நிகழ்ந்ததா?

ஆய்வாளர்கள் சொல்வதை இவ்விடத்தில் ஊன்றிக் கேட்க வேண்டும். ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜே வைஸ் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் எலிகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். இரண்டு எலிகளுக்கு ஒரே அளவு மின்னதிர்ச்சி. ஒன்றுக்கு மட்டும் அதிர்ச்சிக்கு முன்னால் ஓர் ஒலி கேட்கும். மற்றதற்கு எப்போது வரும் என்றே தெரியாது. முன்னறிவிப்புப் பெற்ற எலிக்கு இரைப்பைப் புண் மிகக் குறைவு, மற்றதற்கு மிகுதி. தானே சக்கரத்தைத் திருப்பி அதிர்ச்சியை நிறுத்தக்கூடிய எலிக்கும், எதுவும் செய்ய இயலாத எலிக்கும் இடையிலும் இதே வேறுபாடு. வேதனையின் அளவு ஒன்றுதான். தெரியாமையும் கையாலாகாமையுமே புண்ணாக்கின.

மனிதர் விஷயத்திலும் முடிவு வேறல்ல. சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமெனி என்னும் இருவர் 2004இல் 208 ஆய்வக ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து, எத்தகைய வேலையில் உடல் கார்ட்டிசால் என்னும் சுரப்பை மிகுதியாகப் பொழிகின்றது என்று பார்த்தனர். கடினமான வேலை என்பதனால் மட்டும் அது பொழிவதில்லை. பிறர் நம்மை எடைபோடுகின்றனர், முடிவோ நம் கையில் இல்லை என்னும் இரண்டும் சேரும்போதே மிகுதியாகப் பொழிகின்றது. தணிவதற்கும் நெடுநேரம் பிடிக்கின்றது. அவ்விரண்டும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தே இருந்த இடம் அரியலூர்ப் பிள்ளைகள் நின்ற இடம்.

கார்ட்டிசாலைப் பகையாகவும் எண்ணற்க. விடியலில் நம்மை எழுப்புவதும், ஓட வேண்டிய நேரத்தில் குருதியில் சர்க்கரையை ஏற்றித் தருவதும் அதுவே. ஆனால் நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதியில் அதனை ஏற்கும் வாயில்கள் நிறைந்துள்ளன என்பதனை 1968இலேயே புரூஸ் மெக்கீவன் எலியின் மூளையில் கண்டார். 2000இல் டொமினிக் டி குவெர்வேன் குழுவினர், முதல்நாள் சொற்பட்டியலை மனப்பாடம் செய்தவர்களுக்கு, மறுநாள் ஒப்பிப்பதற்கு ஒரு மணி நேரம் முன் கார்ட்டிசோன் மாத்திரை கொடுத்துப் பார்த்தனர். படித்தது பாதி வழியில் சிக்கிக்கொண்டது, வெளியே வரவில்லை. 'ஹாலுக்குள்ள போனதும் எல்லாம் மறந்துடுச்சு அத்தா' என்று பிள்ளை சொன்னால், 'ஒழுங்காப் படிச்சிருந்தா ஏன் மறக்குது?' என்று நாம் கேட்கின்றோம். ஒழுங்காகப் படித்ததுதான் மறந்தது.

உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் நடத்திய ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. உயர்த்தப்பட்ட சாதியாரில் 321 சிறுவர், தாழ்த்தப்பட்டோரில் 321 சிறுவர். தாளில் வரைந்த சிக்கலான பாதைகளுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும், கண்டதற்கேற்பக் காசு. சாதியைச் சொல்லாமல் விட்டபோது இருசாரார்க்கும் வேறுபாடில்லை. எல்லார் முன்னிலையிலும் பெயரோடு சாதியையும் உரக்க வாசித்தபோது, தாழ்த்தப்பட்ட சிறுவரின் திறன் சரிந்தது. அச்சிறுவனுக்கு நூறு தன்னம்பிக்கை நூல் கொடுத்தாலும், வாசிப்பவர் வாயை மூடாதவரை என்ன பயன்?

இதனை வேறொரு வழியில் அமெரிக்கர்கள் பெரும்பொருள் செலவிட்டுக் கற்றனர். 1965இல் மாரிஸ் ரோசன்பர்க் என்பவர் பத்தே வாக்கியங்களைக் கொண்டு சுயமதிப்பை அளக்க ஓர் அளவுகோல் செய்தார். இன்றளவும் உலகெங்கும் அதுதான் வழங்குகின்றது. 1986இல் கலிபோர்னிய அரசு, சுயமதிப்பை உயர்த்தினால் படிப்பும் உயரும், குற்றமும் குறையும் என்று நம்பி ஒரு குழுவே அமைத்தது. 2003இல் ராய் பாமைஸ்டரும் உடன் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தபோது, சுயமதிப்பை ஏற்றியதனால் மதிப்பெண் ஏறியதற்குச் சான்று அகப்படவில்லை. நன்றாகப் படித்ததனால் சுயமதிப்பு ஏறுவதுதான் ஓரளவு உண்மை. வண்டியை மாட்டுக்கு முன் பூட்டியிருந்தனர். 2009இல் ஜோன் வுட் இன்னும் ஒரு படி சென்றார். 'நான் அன்புக்குரியவன்' என்று தனக்குத்தானே திரும்பத் திரும்பச் சொல்லும் பயிற்சி, சுயமதிப்பு தாழ்ந்தவர்களுக்கு நன்மை செய்யாதது மட்டுமன்று, அவர்களை முன்னிலும் தாழ்த்தியது. நம் புத்தகத் திருவிழா நூல்களில் பாதி இப்பயிற்சியையே முதல் அத்தியாயமாக வைத்திருக்கின்றன. யாருக்காக விற்கப்படுகின்றதோ அவருக்கே அது தீங்கு என்றால், பதிப்பாளர் அட்டையில் அதனையும் அச்சிடுவாரா?

தமிழில் இதற்கு ஒரு நல்ல சொல் ஏற்கெனவே இருந்தது என்பது நம் எண்ணம். 1925இல் தொடங்கிய இயக்கத்தால் ஊரறிந்த 'சுயமரியாதை' என்னும் சொல். அவ்வியக்கத்தின் மற்றக் கொள்கைகளில் நமக்கு உடன்பாடு உண்டோ இல்லையோ, அச்சொல்லை அவர்கள் கையாண்ட முறை கூர்மையானது. ஒருவன் தன்னை மதிக்க வேண்டுமானால் ஊர் அவனைக் குனியவைப்பதை நிறுத்த வேண்டும் என்பது அதன் உட்பொருள். அது தெருவை நோக்கிப் பேசியது. 'தன்னம்பிக்கை'யோ கண்ணாடியை நோக்கிப் பேசுகின்றது.

அரசையும் ஊரையும் சொல்லிவிட்டு வீட்டை விட்டுவிடுதல் நேர்மையன்று. ஜெனிபர் குரோக்கர் என்னும் ஆய்வாளர், சுயமதிப்பு எவ்வளவு என்பதைவிட அது எதன்மேல் தொங்குகின்றது என்பதே முக்கியம் என்றார். படிப்பின்மேல் மட்டும் அதனைத் தொங்கவிட்ட மாணவர்கள் மேற்படிப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருந்த நாட்களில், மறுப்புக் கடிதம் வந்த அன்று மற்றவர்களைவிட ஆழமாக விழுந்தனர். நம் ஊர்களில் அந்த ஆணியை அடிப்பவர் யார்? துபாயிலோ தம்மாமிலோ வெயிலில் நிற்கும் அத்தா வாரம் ஒருமுறை அழைக்கின்றார். அம்மாவிடம் பணம் வந்ததா என்று கேட்கின்றார். மகனிடம் மார்க் என்ன என்று கேட்கின்றார். பாசமில்லாமல் கேட்கவில்லை, நேரமில்லாமல் கேட்கின்றார். ஆனால் ஐந்து ஆண்டு இதே கேள்வி வந்தால், தன் அத்தாவுக்கும் தனக்கும் இடையே உள்ள ஒரே கயிறு அந்த எண்தான் என்று பிள்ளை முடிவு செய்துகொள்ளாதா? இதில் நாமும் விதிவிலக்கல்லேம். தேர்வில் சறுக்கிய நம் வீட்டுப் பிள்ளையொருவன் இரண்டு நாள் மாடியை விட்டு இறங்காதபோது, அவனுக்குச் சோறு அனுப்பினோம், கூடவே ஒரு நூலும் அனுப்பினோம். நாம் ஏறிச் செல்லவில்லை. மூன்றாம் நாள் அவனுடைய நன்னிதான் முழங்கால் வலியோடு படியேறிச் சென்று அருகில் உட்கார்ந்தார். தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்று பின்னர் அறிந்தோம்.

ஆய்வுகள் பாரத்தை மட்டும் பேசி, ஆளைக் கைவிடுகின்றன என்று எண்ணிவிட வேண்டா. மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் 1967இல், தப்ப வழியில்லாத அதிர்ச்சிக்குள்ளான நாய் பின்பு வழி இருந்தும் முயலாமல் படுத்துவிடுவதைக் கண்டு, அது கையாலாகாமையைக் 'கற்றுக்கொண்டது' என்றனர். அரை நூற்றாண்டு கழித்து, 2016இல், மூளையின் செயலை ஆராய்ந்தபின் அவர்களே அதனைத் திருத்தினர். நெடிய துன்பத்தில் முடங்குவது உயிரின் இயல்பு. கற்கப்படுவது முடக்கம் அன்று, 'இதில் எனக்குப் பிடிமானம் உண்டு' என்னும் உணர்வே என்றனர். தம் புகழுக்குக் காரணமான முடிவையே தலைகீழாக்கிய அந்த நேர்மைக்காகவே அவர்களை வணங்கலாம். பிடிமானம் கற்கப்படுவதாயின், அதனைக் கற்பிக்கவும் இயலும். ஆண்டு வீணாகாமல் உடனே மறுபடி எழுத வாய்ப்பளிக்கும் துணைத்தேர்வு அதனைக் கற்பிக்கின்றது. 2017 முதல் பள்ளிப் பொதுத்தேர்வுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசு நிறுத்தியது எடைபோடும் கண்களைக் கொஞ்சம் தாழ்த்தியது. எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் உளவியல் சிகிச்சை பதற்றத்தைக் குறைக்கின்றது என்பதும் உறுதிப்பட்டது. 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

இறுதியாக, நம் கவிஞர்களோடு ஒரு வழக்கு. குழுமூர் நிகழ்ச்சிக்குப் பின் எழுந்த கையறுநிலைப் பாக்கள் எத்தனை! துயரம் உண்மையானது, சினமும் உண்மையானது. ஆயினும் மரணத்தையே வெற்றியாகவும், அதனையே கடைசி விடையாகவும் பாடியவை அவற்றுள் பல. இத்தகைய செய்திகள் பெரிதாக வெளிவந்தபின் அதே போன்ற இறப்புகள் கூடுவதை டேவிட் ஃபிலிப்ஸ் 1974இலேயே எண்ணிக்கையால் காட்டினார். வியன்னா நகரில் 1987இல் செய்தியிதழ்கள் அடக்கி எழுத இசைந்தபின் சுரங்க இரயில் நிலையங்களில் அத்தகைய இறப்புகள் பெருமளவு குறைந்தன. அரியலூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் அரங்கத்துக்கு அனிதாவின் பெயர் சூட்டப்படும் என 2023இல் அறிவிக்கப்பட்டது. அந்தப் பெயர் அங்கே இருக்கட்டும். அவர் எடுத்த 1176ஐயும், நீதிமன்றப் படியேறிய துணிவையும் பாடுவோர் பாடட்டும். முடிவை விட்டுவிட்டு அந்த வாழ்வைப் பாட நம் யாப்பில் இடமில்லையா என்ன?

நாம் மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை தமிழ்க் குடும்பங்கள் படிக்கும் வடிவில் ஒரே நூலாக நம் கண்ணில் படவில்லை. அப்துற் றஹீம் அவர்களின் தெளிவும், ஆய்வாளரின் நிதானமும் கொண்டு, ஏவல் வினை குறைத்து, பெற்றோரையும் பள்ளியையும் அரசையும் முன்னிலைப்படுத்தி எவரேனும் அதனை எழுதுவாராயின், அடுத்த புத்தகத் திருவிழாவில் முதற்படியை நாமே வாங்குவோம். மகனுக்காக அன்று, அந்த அத்தாவுக்காக.